பச்சைப் பலகையில் ஒரு வெற்று வட்டம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சம்பத் கம்பெனியின் பெயர்ப் பலகை வாசலைவிடப் பெரியது. உள்ளே போனால் மொத்தம் பதினோரு பேர், ஒரு தண்ணீர்ப் பானை, ஆறு மேஜைகள். அந்த ஆறில் ஐந்தாவது மேஜையில், கையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னோடு, எண்பத்து நான்காம் வருஷத்திலிருந்து உட்கார்ந்திருந்தாள் ஜுலைகா. கை ஐந்தாவது மேஜையில், கண் ஆறாவது மேஜையில்.

ஆறாவது மேஜைதான் சோதனை மேஜை. மின்துடிப்பைப் பச்சைக் கோடாக நெளிந்து ஓடவிட்டுக் காட்டும் ஆசிலாஸ்கோப் அங்கேதான் இருந்தது. சுழலும் நாற்காலி அங்கே மட்டும்தான். மற்றவர்கள் பாகங்களைப் பொருத்துவார்கள், ஈயம் வைப்பார்கள், துடைப்பார்கள். பொருத்தியது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற அதிகாரம் ஆறாவது மேஜைக்குத்தான். அந்த நாற்காலியில் ஒருநாள் உட்கார வேண்டும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனாலும் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிலதையெல்லாம் மறைக்க முடியாது.

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரெக்சின் பை தைத்து விற்பவர் அவள் அத்தா பஷீருதீன். மகள் பத்தாவது தேறியதும் டைப்ரைட்டிங் வகுப்பில் சேரச் சொல்லிப் பணம் கட்டி அனுப்பினார். இரண்டாம் மாதம் அந்த மெஷின் பழுதாகி நின்றது. பழுது பார்க்க வந்தவர் அதன் வயிற்றைத் திறந்ததைப் பார்த்தவளுக்கு டைப் அடிக்கும் ஆசை விட்டுப்போயிற்று, திறந்து பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. அத்தா ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே விசாரித்து, எஸ்டேட்டில் பெண் பிள்ளைகளுக்கு ரேடியோ வேலை சொல்லித்தரும் இடத்தில் கொண்டுபோய் விட்டார். விரலைச் சுட்டுக்கொண்டு முதல் நாள் வீட்டுக்கு வந்தவள், கொப்புளத்தைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினாள்.

எண்பத்தொன்பது கடைசியில் ஒருநாள் சம்பத் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் நாம் செய்யப்போவது கம்ப்யூட்டர் என்று அறிவித்தார். டிவிப் பெட்டி மாதிரி ஒன்றை எதிர்பார்த்து எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். அவர் கைப்பையிலிருந்து எடுத்து வைத்தது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பலகை. திரை இல்லை, தட்டச்சுப் பொத்தான் இல்லை. இது தனியாக நிற்காது, வேறொரு இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்து அதை ஆட்டிவைக்கும் என்றார். பாதிப் பேருக்கு ஏமாற்றம். ஜுலைகாவுக்குப் புல்லரித்துவிட்டது.

அந்தப் பலகையில் இருந்ததையெல்லாம் அவள் ஒரு மாதத்துக்குள் பாடம் பண்ணிவிட்டாள். நடுவே நாற்பது கால் சிப், அதுதான் மூளை. வெளியே மோட்டாரையும் ஹீட்டரையும் போடவும் அணைக்கவும் எட்டு ரிலே. கரண்ட் போனாலும் கணக்கை மறக்காமலிருக்க ஒரு நினைவுச் சிப்பும், அதற்குப் பால் கொடுக்கிற மாதிரி ஒரு குட்டி பேட்டரியும். மூலையில் ஒரு காவல் சுற்று. மூளை ஒரு விநாடிக்கு ஒரு தரம் 'நான் விழித்திருக்கிறேன்' என்று அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டத் தவறினால் அது மூளையை உலுக்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவைக்கும். இது ஜுலைகாவுக்கு ரொம்பப் பிடித்த பாகம். வீட்டில் அம்மா காலையில் எழுப்புவதும் இப்படித்தான் என்று சொல்லிச் சிரிப்பாள்.

கடைசியாக, கண்ணாடி ஜன்னல் வைத்த சிப். இயந்திரம் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிய உத்தரவெல்லாம் அதற்குள்தான். அதன் முதுகில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி, உள்ளே பளபளவென்று ஒரு பொட்டுத் தகடு. எழுதியதை அழித்துத் திரும்ப எழுத வேண்டுமென்றால் அந்த ஜன்னல் வழியாக ஊதா வெளிச்சம் காட்ட வேண்டும். அதற்கென்று கம்பெனியில் ஒரு பெட்டி இருந்தது. வம்பு என்னவென்றால், நேர் வெயிலும் ஒரு வாரம் பத்து நாள் பட்டால் அதே வேலையைச் செய்துவிடும். அதனால் எழுதி முடித்ததும் ஜன்னல்மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட வேண்டும். ஒட்டுவது ஜுலைகாவின் பொறுப்பு. அளவாக வெட்டி, ஓரம் தூக்காமல் நகத்தால் நீவி ஒட்டுவாள்.

தொண்ணூறாம் வருஷம் ஜூன் மாதம் முதல் நான்கு பலகைகளும் நெமிலிச்சேரியில் பிளாஸ்டிக் குடம் செய்கிற கோவிந்தனின் தொழிற்சாலைக்குப் போயின. அங்கே நான்கு இயந்திரங்கள். சூடான பிளாஸ்டிக் குழாய் மேலிருந்து இறங்கும், இரண்டு பக்கமும் அச்சு வந்து மூடும், காற்று உள்ளே ஊதும், ஆறியதும் அச்சு திறந்து குடம் விழும். எப்போது மூடுவது, எவ்வளவு நேரம் ஊதுவது என்பதெல்லாம் இனி, ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பலகையின் பாடு. முதல் நாள் விழுந்த நீலக் குடம் ஒன்றைக் கோவிந்தன் ஜுலைகாவுக்குக் கொடுத்தனுப்பினார். அதை அவள் பூந்தமல்லி வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். கண்டக்டர் குடத்துக்கும் டிக்கெட் வாங்கச் சொன்னார், சந்தோஷமாக வாங்கினாள்.

நான்கு மாதம் ஒழுங்காக ஓடினால் தன் வகையறாவின் தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து நாற்பது பலகை வாங்குவதாகக் கோவிந்தன் சொல்லியிருந்தார். நாற்பது வந்தால் சோதனைக்குத் தனி ஆள் வேண்டும், அது ஜுலைகாதான் என்று சம்பத் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் நாட்களை எண்ண ஆரம்பித்தாள்.

மூன்றரை மாதம் ஓடியது. அக்டோபர் இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை காலையில், மஞ்சள் பையில் மூன்று பலகைகள் திரும்பி வந்தன. கூடவே ஒரு குடமும் வந்தது. அதைக் குடம் என்று சொன்னால் குடத்துக்குக் கோபம் வரும். கழுத்து இல்லை, வயிறு மட்டும் இரண்டு பங்கு ஊதி, பத்து மாதக்காரி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூன்று இயந்திரங்களும் இப்படித்தான் போடுகின்றன, நாலாவது மட்டும் சரியாக ஓடுகிறது, வெள்ளிக்கிழமை நேரில் வந்து பேசுகிறேன் என்று கோவிந்தன் சீட்டு எழுதியிருந்தார்.

உத்தரவு எழுதும் இன்ஜினீயர் உத்தமன் பலகைகளைப் பார்த்த மாத்திரத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டான். கெட்டிக்காரன்தான், ஆனால் கெட்டிக்காரத்தனத்தைவிட அவசரம் அதிகம். சிப்புகளைப் படித்துப் பார்த்ததில் எழுத்துகள் ஆங்காங்கே அழிந்திருந்தன. பாதி வழியில் மூளை தடுமாறுகிறது, காவல் சுற்று உலுக்குகிறது, முதலிலிருந்து மறுபடியும் ஊதுகிறது, குடத்துக்கு வயிறு வைக்கிறது. ஏன் அழிந்தது என்றால், மூன்று ஜன்னலிலும் ஸ்டிக்கரே இல்லை.

"ஜுலைகா, மூணுத்துலயும் ஒட்ட மறந்துட்டீங்க. நாலாவதுல ஒட்டியிருக்கீங்க, அது ஓடுது. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி?" என்றான் உத்தமன்.

அவளுக்கு முகம் ஜிவ்வென்று சூடேறியது. ஒட்டினேன் சார் என்றாள். ஒட்டியிருந்தால் எங்கே என்று கேட்டான். சம்பத் ஆறாவது மேஜையை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்த ஒரு பார்வையே போதுமாக இருந்தது. ஆறு வருஷம் ஒரு ஈயப் புள்ளி சரியில்லை என்று சொல்ல விடாமல் வேலை செய்தவளுக்கு, ஒரு துண்டு ஸ்டிக்கரால் பெயர் கெடுவதா? அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனபின் ஒரு பலகையை எடுத்து, ஈயப் புள்ளி பார்க்கும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். பலகை சுத்தமாக இருந்தது. சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். மூன்றரை மாதம் பிளாஸ்டிக் புகையிலும் எண்ணெயிலும் கிடந்தது இப்படியா பளிச்சென்று இருக்கும்? ஜன்னல் சிப்பின் கால்களுக்கு நடுவே மட்டும் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஈயம் வைக்கும்போது தடவுகிற பற்றுப்பசையாக இருக்கும் என்று ஊசியால் நெம்பி எடுத்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம்.

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். ஆயுத பூஜை! இரண்டு வாரத்துக்கு முன்னால் எஸ்டேட் முழுக்க வாழைக்கன்றும் பொரியுமாகக் கிடந்த நாள். அவள் மேஜையின் அயர்னுக்குக்கூடச் சம்பத் பொட்டு வைத்திருந்தார். நெமிலிச்சேரியிலும் யாரோ பெட்டியைத் திறந்து துடைத்துப் பொட்டு வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே சம்பத்திடம் போய், அரை நாள் விடுப்பு வேண்டும், நாலாவது பலகையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

ரயில் அன்றைக்கென்று ஆவடியில் கால் மணி நேரம் நின்றது. பட்டாபிராமில் இறங்கி, வெயிலில் ஏறக்குறைய ஓடினாள். தொழிற்சாலைக்குள் நுழைந்தவளை முதலில் வரவேற்றது புத்தம்புது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. எப்போது மாற்றினீர்கள் என்று வாசலில் இருந்தவரைக் கேட்டாள். பூஜையோடு பத்து நாள் லீவு விட்டுப் பழைய கூரையைப் பிரித்து மாற்றினோம், மழைக்கு முன்னால் முடிக்க வேண்டுமே என்றார். அப்போது இந்தப் பெட்டிகளெல்லாம்? மூடிகளைக் கழற்றிப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்திருந்தோம் என்றார். கூரையும் இல்லை, மூடியும் இல்லை. பத்து நாள் உச்சி வெயில் நேரே பலகைமேல் விழுந்திருக்கிறது.

உள்ளே மூன்று இயந்திரங்கள் சும்மா நின்றன. நாலாவது மட்டும் குடம் போட்டுக்கொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவள் வடிவு என்கிற நடுத்தர வயதுக்காரி. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னதும் பெருமையோடு திறந்தாள்.

"இன்னாம்மா, இதப் பாக்கவா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தே? இது ஒரு தொந்தரவும் இல்லாம ஓடிகினு கீது."

ஜுலைகா எட்டிப் பார்த்தாள். கறுப்பு ஸ்டிக்கர் அதிலும் இல்லை. ஜன்னல் கண்ணாடியின் நட்டநடுவில், எட்டணா அகலத்துக்கு, கெட்டியாக அப்பிய சந்தனமும் அதன்மேல் குங்குமமும் காய்ந்து கிடந்தன. வெயிலை மறைக்கும் வேலையை ஸ்டிக்கருக்குப் பதில் பொட்டு பார்த்திருந்தது. அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. வடிவுக்கு ஒன்றும் புரியாமல் அவளும் கூடச் சிரித்தாள்.

யார் ஸ்டிக்கரை எடுத்தது என்று கேட்டதும் சிரிப்பு அடங்கியது. சும்மா நின்ற மூன்று இயந்திரங்களையும் ஓட்டும் பரந்தாமன் முன்னால் வந்தார். ஐம்பது வயது, துவைத்து மடித்த காக்கிச் சட்டை, அதில் ஒரு எண்ணெய்ப் பொட்டுகூட இல்லை. அந்த வேலையில் அப்படியொரு சட்டையை அவள் பார்த்ததே இல்லை.

"நான்தாம்மா எடுத்தேன். அந்த ஸ்டிக்கர் எண்ணெ குட்ச்சி அசிங்கமா இருந்துச்சி. பூசைக்கு அழுக்கோட வெக்கலாமா? தின்னர் போட்டுத் தொடச்சேன். உள்ள பார்த்தா கண்ணாடி. மெசினுக்கு அதான் கண்ணுபோலன்னு, அதும்மேல ஒரு துளி படாம பக்கத்துல பொட்டு வெச்சேன். நாலையும் நான்தான் தொடச்சேன், வடிவு மட்டும் அதும்பாட்டுக்கு நடுவுல அப்பிடுச்சி."

ஒழுங்காகச் செய்தவரின் மூன்றும் கெட்டன, அப்பியவளுடையது பிழைத்தது. கோபமாக வந்தவளுக்கு இப்போது யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. வெயில் பட்டால் அழியும் என்று அவள் விளக்கியதும் பரந்தாமனின் முகம் செத்துவிட்டது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மட்டும் முணுமுணுத்தார். சொல்லாமல் போனால் தன் பெயர் போகும், சொன்னால் இவர் பிழைப்பு போகும். பொட்டு வைத்த அந்தப் பலகையின் பெட்டியைச் சாத்தினாள் ஜுலைகா.

"வெயில் படக்கூடாதுன்னு நாங்க ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா நீங்க எடுத்திருப்பீங்களா அண்ணே?" என்று கேட்டாள். எடுத்திருக்கவே மாட்டேன் என்றார் அவர். அப்படியென்றால் தப்பு எங்களுடையது, நான் அப்படியேதான் சொல்வேன் என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனாள். போகும்போது, வெள்ளிக்கிழமை முதலாளி வரும்போது நாலாவது பலகையையும் பொட்டோடு எடுத்து வரச் சொல்லுங்கள், யாரும் அதைத் துடைக்காதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னாள்.

மறுநாள் ஜுலைகா சம்பத்திடமும் உத்தமனிடமும் கூரை, துடைத்த ஸ்டிக்கர், சந்தனம் எல்லாவற்றையும் சொன்னாள், துடைத்தவர் பெயரை மட்டும் சொல்லவில்லை; உத்தமன் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை கோவிந்தன் வந்தார். பின்னாலேயே, நெற்றியில் விபூதியும் கையில் துண்டில் சுற்றிய பலகையுமாகப் பரந்தாமன் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே கிளம்பிவிட்டாராம். எல்லோரும் ஆறாவது மேஜையைச் சுற்றி நின்றார்கள். சம்பத் பிளேடு முனையால் பொட்டைச் சுரண்டி எடுத்தார். அடியில் ஸ்டிக்கர் இருக்கும் என்று உத்தமன் குனிந்தான். வெறும் கண்ணாடி மின்னியது.

உத்தமன் சிப்பைக் கழற்றிப் படிக்கும் கருவியில் செருகினான். எழுத்துகள் முழுசாக இருக்கின்றனவா என்று சொல்ல ஒரு கூட்டு எண் உண்டு. ஜூன் மாதத்தில் எழுதியபோது வந்த எண் நோட்டில் இருந்தது. கருவியில் சிவப்பு எழுத்துகள் ஓடின. இந்த எண் மாறினால் சந்தனக் கதையெல்லாம் வெறும் கதை. கடைசியில் எண் நின்றது. உத்தமன் நோட்டைப் பார்த்தான், கருவியைப் பார்த்தான், மறுபடி நோட்டைப் பார்த்தான். ஒரு எழுத்துகூட அழியவில்லை என்றான். பிறகு ஜுலைகா பக்கம் திரும்பி, நாலும் நீங்க ஒட்டினதுதான், நான் அவசரப்பட்டுட்டேன் என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை.

ஜுலைகா பேச வாயைத் திறப்பதற்குள் பரந்தாமன், நான்தான் சார் தொடச்சேன் என்று கோவிந்தனிடம் சொல்லிவிட்டார். கோவிந்தன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பூஜை அன்றைக்கு ஒரு துளி அழுக்குகூட இருக்கக் கூடாது என்று கத்தியது நான்தானே என்று தலையைச் சொறிந்துகொண்டார். ஆனால் அதோடு விடவில்லை.

"அது சரி. நாப்பது பலகை வாங்கினா, வருஷா வருஷம் நாப்பது பொட்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் நான் காவல் நிக்க முடியுமா?"

பேரம் முறிகிற இடம் அதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கை வைக்காதீர்கள் என்று சிவப்பில் எழுதி ஒட்டலாம் என்றான் உத்தமன். தகரத்தில் மூடி போட்டுத் திருகிவிடலாம் என்றார் சம்பத். மூடி போட்டால் அதைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பொட்டு வைப்பேன் என்றார் பரந்தாமன் நிதானமாக. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

ஜுலைகா பலகையின் வரைபடத்தை இழுத்து மேஜைமேல் விரித்தாள். பேட்டரிக்குப் பக்கத்தில், கம்பிப் பாதை எதுவும் ஓடாத ஒரு மூலை இருந்தது. அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.

"இங்க ஒரு இடம் விட்டுருவோம் சார். பாதை வேணாம், பாகம் வேணாம். மஞ்சள் மையில ஒரு வட்டம் மட்டும் அச்சடிப்போம். ஜன்னலுக்குப் பக்கத்துல வெயில் படக்கூடாதுன்னு தமிழ்ல எழுதுவோம். வெக்கறவங்க இந்த வட்டத்துல வெக்கட்டும்."

இது கம்ப்யூட்டரா கல்யாணப் பெண்ணா என்று உத்தமன் கேட்டான். பரந்தாமன் முன்னால் வந்து, தன் கட்டைவிரலை அந்தப் பென்சில் வட்டத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் பெரிசாப் போடும்மா என்றார். அவள் அழித்துவிட்டுப் பெரிதாகப் போட்டாள். கோவிந்தன் சிரித்துக்கொண்டே, நாற்பதுக்கு எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

அடுத்த திங்கட்கிழமை ஜுலைகா வந்தபோது அவளுடைய பூதக்கண்ணாடி ஆறாவது மேஜைக்கு மாறியிருந்தது. சுழல் நாற்காலி அவள் உயரத்துக்குத் தாழ்த்தப்பட்டிருந்தது. செய்தது உத்தமன் என்று பிறகுதான் தெரிந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அவள் அந்த நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதன்பின் வருஷங்கள் சிட்டாகப் பறந்தன. தொண்ணூற்று மூன்றில் வேன் ஓட்டும் சுலைமானைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பினாள். பலகை நூற்றுக்கணக்கில் போயிற்று, பாட்டிலில் மருந்து நிரப்பும் இயந்திரத்துக்கு, மாவு மில்லுக்கு, சாயத் தொட்டிக்கு. கூடப் போகும் விவரத் தாளில் மூளை, நினைவு, ரிலே, பேட்டரி, காவல் சுற்று என்று எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசி வரி மட்டும் தமிழில் இருக்கும்: பொட்டு வைக்க இடம், ஒன்று. அவளுக்குத் தெரிந்து அதன்பிறகு ஒரு பலகைகூட வெயிலில் அழிந்து திரும்பவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜை முடிந்ததும் நெமிலிச்சேரிக்கு ஒரு நடை போய், வட்டத்துக்குள் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள். பரந்தாமன் பொரி கட்டிக் கொடுப்பார்.

தொண்ணூற்றேழில் புதுவகைச் சிப் வந்தது. ஜன்னலே கிடையாது, வெயிலுக்கு அஞ்ச வேண்டியதில்லை, மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். உத்தமன் ஒரு மாதம் உட்கார்ந்து பலகையைப் பாதி அளவுக்குச் சுருக்கி வரைந்தான். கொண்டாட்டமான நாள்தான் அது. வரைபடம் ஆறாவது மேஜைக்கு வந்தது, இப்போதெல்லாம் ஜுலைகாவின் கையெழுத்து இல்லாமல் எதுவும் அச்சுக்குப் போகாது. அவள் ஒவ்வொரு பாதையாக விரலால் தடவிப் பார்த்தாள். அழகாக இருந்தது, மனசு நிறைந்து பாராட்டினாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"வட்டத்தக் காணோமே உத்தமன்."

அவன் சிரித்தான். இனி அது எதற்கு, அதான் கண்ணாடியே போய்விட்டதே, அந்த இடத்தை மிச்சம் பிடித்துத்தானே பலகை இவ்வளவு சின்னதாயிற்று என்று விளக்கினான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

"கண்ணாடிதான் போச்சு. பரந்தாமன் அண்ணன் போகலையே" என்றாள் ஜுலைகா.

உத்தமன் அவளைப் பார்த்தான், வரைபடத்தைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு ரிலேயைக் கொஞ்சம் நகர்த்த ஆரம்பித்தான். ஒரு கட்டைவிரல் அளவு என்று அவள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.